ஒரே மாடல், வேறு வேறு வருஷம்: பழைய சப்மரைனர் வாங்கும் முன்

கடைக்காரர் இரண்டு ரோலெக்ஸ் சப்மரைனர் கைக்கடிகாரங்களைத் தட்டில் எடுத்து வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் கறுப்பு டயல், அதைச் சுற்றித் திருகக்கூடிய கறுப்பு வளையம், 40 மில்லிமீட்டர் எஃகு உடல், தேதியைப் பெரிதாக்கிக் காட்டும் சின்ன லென்ஸ். இரண்டுக்கும் மாடல் எண் 16610. ஒன்று 1993-இல் செய்தது, மற்றது 2007-இல் செய்தது. விலை மட்டும் வேறு. முதல் தடவை வாங்கப் போகிறவருக்கு இங்கேதான் குழப்பம் தொடங்கும். பார்க்க ஒன்று போலவே இருக்கிறதே, பதினான்கு வருஷ இடைவெளியில் என்னதான் மாறியிருக்கும்?

நிறைய மாறியிருக்கும். ஆனால் எல்லாம் ஒரே நாளில் மாறவில்லை. 16610 என்ற இந்த மாடல் 1980-களின் இறுதியில் வந்து 2010 வரை, இருபது வருஷத்துக்கும் மேலாகத் தயாரிப்பில் இருந்தது. அந்தக் காலத்தில் மாடல் எண்ணை மாற்றாமலே டயலில் ஒன்று, வாரில் ஒன்று, உடலில் ஒன்று என்று சின்னச் சின்னதாக மாற்றிக்கொண்டே வந்தார்கள். அதனால் 16610 என்று மட்டும் சொன்னால் பாதித் தகவல்தான் கிடைக்கும். மீதிப் பாதி வருஷத்தில் இருக்கிறது.

பழைய புல்லட் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எந்த வருஷ வண்டி?" என்றுதான். ஆர்.சி. புத்தகத்தில் உற்பத்தியான மாதம் தனியாக இருக்கும், பதிவு செய்த தேதி தனியாக இருக்கும். டிசம்பரில் செய்த வண்டி அடுத்த மார்ச்சில் பதிவாகியிருக்கலாம். கைக்கடிகாரத்திலும் அப்படித்தான், இன்னும் ஒரு தேதி கூடுதலாக. செய்த வருஷம் ஒன்று, கடையில் விற்ற வருஷம் ஒன்று, இடையில் சர்வீஸுக்குப் போனபோது பாகம் மாற்றிய வருஷம் ஒன்று. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

செய்த வருஷத்தைச் சொல்வது சீரியல் எண். 16610-இல் பெரும்பாலான காலம் அது வெளியே தெரியாது. உடலிலிருந்து நீண்டு வாரைப் பிடித்திருக்கும் நான்கு கொம்புகளை லக் என்பார்கள். ஆறு மணிப் பக்கத்து இரண்டு லக்குகளுக்கு நடுவே சீரியல் எண்ணும், பன்னிரண்டு மணிப் பக்கத்து லக்குகளுக்கு நடுவே மாடல் எண்ணும் பொறித்திருக்கும். வாரைக் கழற்றினால்தான் படிக்க முடியும். 2005 வாக்கிலிருந்து டயலைச் சுற்றியுள்ள உட்புற எஃகு விளிம்பில் ரோலெக்ஸ் என்ற பெயரை வரிசையாகப் பொறித்து, ஆறு மணிக்குக் கீழே சீரியல் எண்ணையும் அங்கேயே கொண்டுவந்தார்கள். எல்லா மாடலுக்கும் அது ஒரே சமயத்தில் வரவில்லை, சில வருஷம் எடுத்தது. அதனால் 2007-ஐ ஒட்டிய கடிகாரங்களில் கழற்றாமலே படிக்க வாய்ப்பு உண்டு.

சீரியல் எண் ஓர் ஆங்கில எழுத்தில் தொடங்கும். 1987-இல் ஆர் எழுத்தில் ஆரம்பித்து எல், இ, எக்ஸ் என்று போனது. ரோலெக்ஸ் என்ற பெயரிலிருந்து, பூஜ்யம் போல் தெரியும் ஓ எழுத்தை மட்டும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது இந்த நான்குதான். அப்புறம் என், சி, எஸ், டபிள்யூ, டி, யூ, ஏ, பி, கே, ஒய், எஃப், டி, இசட், எம், வி, ஜி என்று வந்தது. தமிழில் எழுதும்போது டி இரண்டு முறை வருகிறது: 1996-ஐ ஒட்டி வருவது டைட்டானிக்கின் டி, 2005-ஐ ஒட்டி வருவது டெல்லியின் டி. 2010-இல் இந்த வரிசையையே விட்டுவிட்டு, எழுத்தும் எண்ணும் கலந்த, ஒழுங்கில்லாத எண்களுக்கு மாறிவிட்டார்கள். அதற்குப் பிறகு செய்தவற்றில் எண்ணைப் பார்த்து வருஷம் சொல்ல முடியாது.

எழுத்துக்கு வருஷம் காட்டும் பட்டியல்கள் பல இடங்களில் கிடைக்கும். அவை நிறுவனம் வெளியிட்டவை அல்ல என்பதை மறக்கக்கூடாது. வியாபாரிகளும் சேகரிப்பாளர்களும் ஆயிரக்கணக்கான கடிகாரங்களையும் விற்பனைத் தாள்களையும் ஒப்பிட்டுத் தொகுத்தவை. ஒரு வருஷம் முன்னே பின்னே இருக்கும். "எஸ் எழுத்து, அதனால் 1993" என்று யாராவது சொன்னால் "1993-ஐ ஒட்டி" என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது டயலுக்கு வருவோம். வருஷ வித்தியாசம் அதிகம் பேசுகிற இடம் இதுதான், எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

இருட்டில் மணி தெரிய, முள்ளிலும் மணிப் புள்ளிகளிலும் ஒளிரும் பூச்சு பூசுவார்கள். 1990-களின் பிற்பகுதி வரை சப்மரைனரில் அந்தப் பூச்சில் இருந்தது ட்ரிடியம். ஹைட்ரஜனின் கதிரியக்கம் உள்ள வகை அது. தன் கதிர்வீச்சாலேயே பூச்சை ஒளிரவைக்கும், வெளிச்சம் காட்டவேண்டிய தேவை இல்லை. ஆனால் அதன் பலம் சுமார் 12.3 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முப்பது வருஷம் ஆன கடிகாரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது. பூச்சும் தேய்ந்துபோயிருக்கும். ஆகவே 1993 கடிகாரம் இன்று இருட்டில் கிட்டத்தட்டக் குருடு. பதிலுக்கு, அந்த வெள்ளைப் புள்ளிகள் மெல்ல மெல்லப் பழுத்து, பாலேடு நிறத்துக்கோ இளம் மஞ்சளுக்கோ வந்திருக்கும். அந்த நிறத்துக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை எனக்குப் புரிகிறது. முப்பது வருஷம் ஒரு பொருளின் மேல் கடந்து போனதை நேராகக் கண்ணால் பார்ப்பது அது.

1998-ஐ ஒட்டி ட்ரிடியத்தை விட்டு லூமினோவா என்ற பூச்சுக்கு மாறினார்கள். ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் உருவாக்கியது. கதிரியக்கம் கிடையாது. வெளிச்சத்தைக் குடித்துவைத்துக்கொண்டு இருட்டில் திருப்பித் தரும். வயதானாலும் நிறம் அவ்வளவாக மாறாது. 2000 வாக்கில் அதன் அடுத்த வகையான சூப்பர் லூமினோவா வந்தது.

இந்த மாற்றத்தை டயலே எழுத்தில் சொல்கிறது. ஆறு மணிக்கு அடியில், டயலின் ஓரத்தில் மிகச் சின்ன எழுத்துகள் இருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ட்ரிடியம் காலத்து டயலில் "ஸ்விஸ்" என்ற சொல்லோடு, 25-க்குக் குறைவான ட்ரிடியம் என்று பொருள்படும் ஒரு குறி இருக்கும். 25 என்பது மில்லிக்யூரி, கதிரியக்க அளவு. லூமினோவா வந்த 1998, 1999 சமயத்தில் "ஸ்விஸ்" என்ற ஒரே சொல். அதன் பிறகு "ஸ்விஸ் மேட்" என்று இரண்டு சொற்கள். எழுத்து மூன்று விதம், காலமும் மூன்று.

எந்த டயல் உயர்ந்தது என்ற கேள்வியைவிட, டயலும் சீரியல் எண்ணும் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்ற கேள்விதான் வாங்குபவருக்கு முக்கியம். சீரியல் எண் எக்ஸ் எழுத்தில், அதாவது 1991-ஐ ஒட்டித் தொடங்குகிறது, ஆனால் டயலில் "ஸ்விஸ் மேட்" என்று இருக்கிறது என்றால், அந்த டயல் பிற்பாடு மாற்றப்பட்டது. சர்வீஸில் ஒளி மங்கிய டயலை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டிருப்பார்கள். அது போலி இல்லை, நிறுவனத்தின் அசல் பாகமாகவே இருக்கலாம். தினமும் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு இருட்டில் மணி தெரியும் என்பது ஒரு வசதியும்கூட. ஆனால் 1991-இன் முழு அசல் என்ற விலையை அதற்குக் கொடுக்கக்கூடாது. இதையே திருப்பியும் பார்க்கலாம். ட்ரிடியம் குறி உள்ள டயலில் டார்ச் அடித்துவிட்டு விளக்கை அணைக்கிறீர்கள், புள்ளிகள் பளிச்சென்று எரிந்து நெடுநேரம் அணையாமல் இருக்கின்றன என்றால், யாரோ மேலே புதுப் பூச்சு பூசியிருக்கிறார்கள். உண்மையான பழைய ட்ரிடியம் பூச்சு வெளிச்சம் பட்டதும் ஒரு கணம் மினுங்கிச் சீக்கிரமே அடங்கிவிடும். முள்ளின் நிறமும் டயல் புள்ளிகளின் நிறமும் ஒத்துப்போகின்றனவா என்றும் கூடவே பார்த்துவிடுங்கள். புள்ளிகள் மஞ்சள், முள் மட்டும் வெள்ளை என்றால் முள் மாறியிருக்கிறது.

அடுத்தது வார். எஃகுப் பட்டை உடலோடு சேரும் இடத்தில் ஒரு வளைந்த துண்டு இருக்கும். 2000 வரையிலான கடிகாரங்களில் அது தகட்டை மடித்துச் செய்தது, உள்ளே காலி. கையை ஆட்டினால் லேசாகக் கடகடக்கும். 2000, 2001 வாக்கில் அதைக் கெட்டியான ஒரே துண்டாக மாற்றினார்கள். இரண்டையும் கையில் கட்டிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும், பின்னது இறுக்கமாக உட்காரும். பழைய வாரில் கண்ணிகளுக்கு நடுவே தேய்மானம் கண்டு தொய்ந்திருக்கவும் வாய்ப்பு அதிகம். கடிகாரத்தைப் பக்கவாட்டில் படுக்கைவாக்காகப் பிடியுங்கள். வார் எவ்வளவு கீழே வளைந்து தொங்குகிறது என்பதைப் பார்த்தாலே தொய்வு தெரிந்துவிடும். வாரை மூடிப் பூட்டும் கொக்கியான கிளாஸ்ப்பின் உள்பக்கம் எழுத்தும் மாதத்தின் எண்ணும் சேர்ந்த ஒரு குறி அடித்திருப்பார்கள். அது வார் செய்த காலம். எஸ் எழுத்து கூடுதலாக இருந்தால் சர்வீஸில் மாற்றிக்கொடுத்த கிளாஸ்ப்பாக இருக்கலாம் என்று அர்த்தம். கடிகாரம் 1993, வார் 2004 என்றால் பயப்பட ஒன்றுமில்லை, விலை பேச ஒரு காரணம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லக்குகளின் வெளிப்பக்கத்தில் சின்னத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பழையவற்றில் துளை ஊடுருவி இருக்கும், வெளியிலிருந்து ஒரு குச்சியால் குத்தி வாரை எளிதாகக் கழற்றலாம். தோல் வார், துணி வார் என்று அடிக்கடி மாற்றுகிறவர்களுக்கு அது பெரிய சௌகரியம். 2003 வாக்கில் இந்தத் துளையை எடுத்துவிட்டார்கள். பக்கம் சுத்தமாகத் தெரியும், ஆனால் வாரை மாற்றும்போது உள்பக்கத்தில் கீறல் விழ வாய்ப்பு கூடும்.

இதையெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் ஓர் அழகான இடைவெளி கிடைக்கிறது. 2001 முதல் 2003 வரை, கே, ஒய் எழுத்துகளின் காலம். இருட்டில் எரியும் டயல், கெட்டியான முனைத் துண்டு உள்ள வார், லக்கில் துளை, உள்விளிம்பில் பொறிப்பு இல்லாத அமைதி. நான்கும் ஒரே கடிகாரத்தில் கூடிவருகிற சில வருஷங்கள் அவை. தினமும் கட்டிக்கொள்ள ஒரு 16610 வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால் இந்தக் காலத்தைத்தான் தேடச் சொல்வேன். பழுத்த டயல்மேல் ஆசை உள்ளவர் 1990-களின் முற்பகுதிக்குப் போகட்டும். இரண்டில் ஒன்றைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

உள்ளே இருக்கும் இயந்திரம்? அங்கே கவலையே வேண்டாம். 1993 ஆனாலும் 2007 ஆனாலும் அதே 3135 காலிபர்தான், அதாவது அதே இயந்திர வகைதான். ஒருமுறை முழுதாகச் சாவி ஏறினால் சுமார் 48 மணி நேரம் ஓடும். ஆழத் தாங்குதிறன் இரண்டுக்கும் 300 மீட்டர் என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் அது தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள் நன்றாக இருக்கும்வரை. வருஷம் எதுவானாலும் அழுத்தச் சோதனை செய்யாமல் தண்ணீரில் இறங்காதீர்கள்.

மாடல் எண்ணே மாறும்போது கதை வேறு. 2010-இல் 116610 வந்தது. வெயிலில் வெளுத்துப்போகிற அலுமினிய வளையத்துக்குப் பதில் வெளுக்காத செராமிக், தகட்டுக் கிளாஸ்ப்புக்குப் பதில் கருவி இல்லாமலே நீளம் சரிசெய்யும் கெட்டியான கிளாஸ்ப், இருட்டில் நீல ஒளி. அளவு அதே 40 மில்லிமீட்டர் என்றாலும் லக்குகளைத் தடித்துவிட்டதால் கையில் சதுரமாகத் தெரியும். 2020-இல் 126610: 41 மில்லிமீட்டர், லக்குகள் மறுபடி மெலிந்தன, உள்ளே 3235 காலிபர், 70 மணி நேர ஓட்டம். வெள்ளி மாலை ஆறு மணிக்குக் கழற்றி வைத்துத் திங்கள் காலை எட்டு மணிக்கு எடுத்தால் 62 மணி நேரம். இது ஓடிக்கொண்டிருக்கும், 16610 நின்றுபோயிருக்கும்.

ஒரே எண்ணுக்குள் வருஷம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறொரு மாடலிலிருந்தும் ஓர் உதாரணம். ரோலெக்ஸின் எக்ஸ்புளோரர் 214270 என்பது 39 மில்லிமீட்டர் கடிகாரம், 2010-இல் வந்தது. முதல் சில வருஷங்களில் செய்தவற்றில் நிமிட முள் குட்டை, டயலின் விளிம்பைத் தொடாமல் பாதியில் நின்றது போலிருக்கும். 3, 6, 9 எண்கள் வெறும் உலோகம், இருட்டில் தெரியாது. 2016-இல் முள்ளை நீட்டி, எண்களுக்கும் ஒளிப்பூச்சு கொடுத்தார்கள். மாடல் எண் மாறவே இல்லை. எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவருக்கு எது கையில் வரும் என்பது அதிர்ஷ்டம்.

வருஷம் தெரிந்திருந்தால் ஏமாற்றையும் பிடிக்கலாம். சப்மரைனரின் ஐம்பதாம் ஆண்டுக்காக 2003-இல் பச்சை வளையம் வைத்த 16610 எல்.வி. வந்தது. சேகரிப்பாளர்கள் கெர்மிட் என்று கூப்பிடுவது அதைத்தான். சாதாரண 16610-ஐவிட விலை அதிகம். வளையத்தைக் கழற்றி மாட்டுவது சுலபம் என்பதால் சாதாரணக் கடிகாரத்தில் பச்சையைப் போட்டு விற்கவும் இடம் உண்டு. ஆனால் 2003-இல் பிறந்த ஒன்றுக்கு 1990-களின் சீரியல் எழுத்து இருக்க முடியாது. அதோடு, எல்.வி. டயலில் மணிப் புள்ளிகள் பெரியவை, முட்களும் தடித்தவை. பச்சை வளையம், சின்னப் புள்ளிகள், டபிள்யூ சீரியல் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் தட்டை மெதுவாகத் திருப்பித் தள்ளிவிடலாம்.

தாள்களையும் இதே கண்ணோடு பாருங்கள். உத்தரவாதத் தாளில் இருப்பது விற்ற தேதி. கடையில் ஒரு வருஷம் தூங்கிவிட்டு விற்ற கடிகாரங்கள் உண்டு, ஆகவே 1993 கடிகாரத்துக்கு 1994 தாள் என்றால் இயல்பு. தாள் 1990 என்றால் இயல்பு இல்லை, பிறப்பதற்கு முன்னால் விற்க முடியாது. 2006 வாக்கு வரை கொடுத்தது காகிதம், அதன் பிறகு பிளாஸ்டிக் அட்டை. 1993 கடிகாரத்தோடு பிளாஸ்டிக் அட்டை கொடுத்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டும். எல்லா நிறுவனமும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்: பாடெக் பிலிப் என்ற வேறொரு ஸ்விஸ் நிறுவனத்தின் கடிகாரத்துக்கு அதன் ஆவணக் காப்பகத்திலிருந்தே, செய்த காலமும் முதலில் விற்ற தேதியும் குறிப்பிட்ட சான்று கேட்டு வாங்க முடியும். ரோலெக்ஸில் அப்படிப்பட்ட வசதி இல்லாததால்தான் இத்தனை எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறோம்.

கடைசியாக, வருஷத்தையும் நிலைமையையும் எடைபோடும் விதம். புதிய வருஷம் என்பதற்காக, பாலிஷ் போட்டுப் போட்டு லக் மெலிந்துபோன 2007 கடிகாரத்தை, கூர்மையான விளிம்போடு இருக்கும் 1993 கடிகாரத்துக்கு மேலே வைக்கமாட்டேன். தேய்த்து எடுத்த எஃகு திரும்பி வராது. டயல், முள், வார், ரப்பர் வளையம் எல்லாவற்றையும் செலவு செய்தால் மாற்றலாம், உடலின் வடிவத்தை மட்டும் முழுதாக மீட்க முடியாது. அதனால் என் வரிசை இப்படி: முதலில் உடலின் விளிம்புகள், அடுத்து டயலும் சீரியலும் ஒத்துப்போவது, அப்புறம் வார், அதன் பிறகே தாளும் பெட்டியும். வாங்கிய பிறகு சர்வீஸுக்குக் கொடுக்கும் நாளில், பாலிஷ் வேண்டாம், டயலையும் முள்ளையும் மாற்றவேண்டாம், மாற்றியே ஆகவேண்டும் என்றால் முதலில் என்னைக் கேளுங்கள் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ட்ரிடியம் டயல் ஒருமுறை போனால் அந்தக் கடிகாரத்தின் வருஷமே அதோடு போய்விடும்.

தட்டில் அந்த இரண்டு சப்மரைனர்களும் இன்னும் இருக்கின்றன. வாரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் தயங்கமாட்டார், லக்குக்குக் கீறல் விழாமல் இருக்க ஒட்டுநாடா ஒட்டிவிட்டுக் கழற்றுவார். தயங்கினால், அவர் சொன்ன வருஷத்தை நம்பி விலை பேசவேண்டாம்.